சிலுவை வரைந்த பக்கம்

பெட்டி வந்தபோது வீட்டில் நோபர்ட் மட்டும்தான் இருந்தான்.

பிஸ்கட் வந்த தகரப் பெட்டி. மூடியில் உளியால் வெட்டிய வாய். கல்லறைத் திருநாள் காலையில் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையின் முதல் காம்பராவிலிருந்து புறப்பட்டு, வீடு வீடாகக் கைமாறி, பகலுக்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வீடும் தன் செத்தவர்களுக்காக ஒரு மன்றாட்டு எழுதி உள்ளே போடும். பெயர் எழுதுவதில்லை. பின்னேரம் கல்லறையில் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். வாசித்து முடிந்ததும் எல்லாத் தாள்களையும் பெரிய சிலுவையின் அடியில் கொளுத்திவிடுவார்கள். ஒரு வீட்டைத் தாண்டிப் பெட்டி சும்மா போனால், அந்த வீட்டுச் செத்தவர்களுக்கு அந்த வருடம் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் பக்கத்துக் காம்பரா சவரியம்மா. இறப்பர் வெட்டி ஓய்வு பெற்றவள். இன்னும் விடிகாலையில் எழுந்துவிடுவாள். வெட்ட மரம் இல்லாததால் பேச்சுக்கு ஆட்களைப் பிடித்துக்கொள்வாள்.

“என்னா நோபட்டு, இன்னைக்கு வண்டிக்கு ஹயர் இல்லியா?”

“கல்லறத் திருநாள்ல என்னாக்கா ஹயர்?”

“அதுவும் சரிதான். செத்தவங்க த்ரீவீல்லயா வரப்போறாங்க.” தானே சிரித்துக்கொண்டாள். “கெத்தரின் எங்க?”

“ஸ்டோருக்குப் போயிட்டா. கொக்கோ ஒடைக்கிறாங்க. பன்னெண்டு மணி ஆகும்.”

“மக ரொஷானி?”

“மாத்தளைக்கு, கிளாசுக்கு.”

“அப்ப யாரு எழுதுறது? நீயா?”

நோபர்ட் சிரித்தான். தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். அவனுடைய அப்பா ஃபக்டரியில் வாட்சராக இருந்தவர். சிங்களம் படித்தால் கந்தோரில் எழுத்து வேலை கிடைக்கும் என்று, மூன்று கட்டை தூரம் நடக்கவைத்து அவனைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் விட்டார். கந்தோர் வேலை கிடைக்கவில்லை. தமிழும் எழுத்தாக வரவில்லை. பூசைப் பாட்டு முழுவதும் காதால் பிடித்தது. கடைப் பலகையில் தமிழ் இருந்தால் பக்கத்தில் இருக்கும் சிங்களத்தைப் பார்த்துக்கொள்வான்.

“கிறிஷாந்த வரச் சொல்லவா? பொடியன் ரெண்டு நிமிசத்துல எழுதிருவான்.”

“வேணாங்கா. எழுதுனது இருக்கு.”

“பாரேன்! அப்ப சுருக்கா போட்டுட்டுக் குடு. அடுத்த வீட்டுக்காரி வாசல்ல நிக்கிறா. அவ மாமியாருக்கு மன்றாடுறதுக்கு என்னா அவசரமோ.”

அவன் உள்ளே போனான். அரிசி வாளிக்குப் பின்னால், மடித்த சாக்குக்குக் கீழே சி.ஆர். நோட்டுக் கொப்பி இருந்தது. கெத்தரின் அதை ஒளித்து வைக்கவில்லை. அவனுக்கு எட்டாத இடத்திலும் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவள் எழுதினாள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில், மழைக்கு வேலை நின்ற நாட்களில். ‘எம் பொண்டாட்டி கவித எழுதுவா’ என்று வண்டிகள் வரிசையாக நிற்கும் த்ரீவீல் பார்க்கில் அவன் பல தடவை சொல்லியிருக்கிறான். என்ன எழுதுவாள் என்று கேட்டால், ‘எல்லாத்தப் பத்தியும்’ என்பான். ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னான். ‘ஒங்களுக்கு என்னாத்துக்கு’ என்றாள். பிறகு அவன் கேட்கவில்லை.

பக்கங்களைப் புரட்டினான். எறும்பு வரிசை மாதிரி நீல எழுத்து. அவன் தேடியது எழுதிய பக்கங்களில் கடைசிக்கு முதல் இருந்தது. மேலே நடுவில் ஒரு சிலுவை வரைந்திருந்தாள். போன செவ்வாய்க்கிழமை அவள் அதை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்துவிட்டான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொப்பியை மூடினாள். மூடுவதற்கு முன் சிலுவையைக் கண்டான்.

பிள்ளைக்கான ஜெபம். வேறு என்னவாக இருக்கும்?

பதினாலு வருடத்துக்கு முன் பிறந்த மூத்த பிள்ளை. பெண். மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை என்று அப்போதிருந்த உபதேசியார் கல்லறை வேலிக்கு வெளியே குழி காட்டினார். சிலுவை வைக்கவும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கெத்தரின் தன் அப்பாவுக்கும் அவன் அப்பாவுக்கும் மன்றாட்டு எழுதினாள். பிள்ளைக்கு எழுதியதில்லை. இந்த வருடம்தான் எழுதியிருக்கிறாள், போடத் துணிவில்லாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அந்த நினைப்பில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அவளுக்காக ஒன்றைச் செய்யப் போகிறான்.

பக்கத்தைக் கிழித்தான். நடுவில் தைத்த கொப்பி. அந்தப் பக்கம் வந்ததும் மறுபாதியில் இருந்த எழுதாத தாள் ஒன்று தளர்ந்துவிட்டது. அதைத் தட்டி உள்ளே தள்ளினான். தாளை நான்காக மடித்துப் பெட்டியின் வாய்க்குள் விட்டான்.

“மொத்தமாத்தான் எழுதியிருக்கா,” என்றாள் சவரியம்மா, பெட்டியை ஆட்டிப் பார்த்து.

கெத்தரின் பன்னிரண்டரைக்கு வந்தாள். கொக்கோக் காயை மரக்கட்டையால் தட்டி உடைத்து, வெள்ளைச் சதையோடு விதையை வழித்துக் குவித்து, வாழை இலை போட்டு மூடிவிட்டு வருகிறவள். மூன்றாம் நாளிலிருந்து குவியல் சூடேறிப் புளிக்கும். அந்தப் புளித்த வாசம் நவம்பர் முழுவதும் அவளுடைய கையிலும் முடியிலும் இருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

மரவள்ளிக் கிழங்கை அவித்தாள். அம்மியில் கொச்சிக்காயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் வைத்து அரைத்தாள்.

“பெட்டி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ஐயோ. நான் எழுதி வச்சிட்டுப் போகலியே. சும்மாவா போச்சு?”

“சும்மா போகுமா? போட்டாச்சு.”

“யாரு எழுதிக் குடுத்தா?”

“எழுதுனவங்கதான் எழுதுனாங்க.”

“கிறிஷாந்தா? அவன் எங்கப்பா பேரத் தப்பா எழுதியிருப்பான்.”

“பேரு எழுதுறதில்லியே.”

“என்னாங்க சிரிக்கிறீங்க?”

“பின்னேரம் தெரியும். நீ கெழங்கச் சாப்புடு.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அது கொஞ்ச நேரச் சிரிப்புத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒன்றை அவன் காணவில்லை. அதனால் நினைவில் நின்றுவிட்டது. கிழங்கின் நார் பல்லில் மாட்டி, அதை நாக்கால் தள்ளிக்கொண்டே சிரித்தாள்.

கல்லறை தோட்டத்தின் மேற்குச் சரிவில் இருக்கிறது. இரண்டு நாட்களாகப் புல் வெட்டி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மூன்று மணிக்கே நாலந்தை ஊர்ப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. மாத்தளையிலிருந்து வந்த ஃபாதருக்குத் தமிழ் குறைவு. பூசையைத் தமிழில் வாசித்துவிடுவார். ஆட்கள் பேசினால் தலையாட்டுவார். மேகத்தை அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு குழிகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். வேலியோடு நின்றுவிட்டுத் திரும்பினார்.

கெத்தரின் அவளுடைய அப்பாவின் குழியண்டை நின்றாள். கிளாஸ் முடிந்து வந்த ரொஷானி பக்கத்தில் மெழுகுதிரிக்குக் கை மறைத்துக்கொண்டிருந்தாள். நோபர்ட் ஆண்கள் பக்கத்தில் இருந்தான். அங்கிருந்து கெத்தரினின் முகம் தெரியும். அதற்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்தான்.

உபதேசியார் பிரியந்தன் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கிறவர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாள்களை எடுத்தார்.

“கொழும்பில் மரித்த எங்கள் மகனுடைய ஆத்துமாவுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றது சனம்.

“எங்கள் மாமியாரின் ஆத்துமா சீக்கிரம் மோட்சம் சேர, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

பதினைந்து, பதினாறு தாள் போனது. பிறகு நான்காக மடித்த கோடு போட்ட தாள் வந்தது. ஓரம் பிய்ந்திருந்தது. நோபர்ட் நிமிர்ந்து நின்றான். பிரியந்தன் தாளை விரித்து, சிலுவையைக் கண்டு, தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாக வாசிக்கத் தொடங்கினார்.

*மாதாவே, நீங்களும் பெத்தவங்க.*
*ஒங்க புள்ளய எறக்கி*
*ஒங்க மடியில குடுத்தாங்க.*
*எம் புள்ளய துணியில சுத்தி*
*அந்தப் பக்கம் கொண்டு போயிட்டாங்க.*

பெண்கள் பக்கத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நோபர்ட் கெத்தரினைப் பார்த்தான். அவள் கையிலிருந்த மெழுகுதிரி சாய்ந்து மெழுகு விரலில் வடிந்தது.

*தண்ணி ஊத்தல, பேர் வைக்கலன்னு*
*வேலிக்கு வெளிய குழி வெட்டுனாங்க.*
*நான் ஒரு பேர் வச்சிருக்கேன்.*
*இங்கயும் அத எழுதல.*

*வழியில டயர் வெடிச்சிருச்சுன்னு*
*அவரு சொன்னாரு.*
*எட்டாம் நாளு நான் வண்டி கழுவுனேன்.*
*ஓடுற சக்கரம் மூணு, ஸ்பெயார் ஒண்ணு,*
*நாலையும் தடவிப் பாத்தேன்.*
*ஒட்டுன தடம் ஒண்ணுலயும் இல்ல.*

இந்த இடத்தில் பிரியந்தனின் குரல் தாழ்ந்தது. நிறுத்தியிருக்கலாம். கல்லறையில் வாசிக்கத் தொடங்கிய மன்றாட்டைப் பாதியில் விடக்கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

*நான் கேக்கல.*
*கேட்டா அவரு அழுவாரு.*
*அவரு அழுதா நான் தேத்தணும்.*
*தேத்துறதுக்கு எங்கிட்ட*
*அன்னைக்கு ஒண்ணும் இல்ல.*
*மாதாவே,*
*இன்னைக்கும் இல்ல.*

“ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்,” என்றார் பிரியந்தன்.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் பதினாலு வருடத்துக்கு முன் த்ரீவீல் வைத்திருந்தது ஒரு ஆள்தான். ஃபாதர் தலையைத் தூக்கிச் சனத்தைப் பார்த்தார். பிறகு சவரியம்மாவின் குரல் மட்டும் கேட்டது, தனியாக, கரகரத்து: “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” அதற்குப் பின்னால் மற்றவர்கள்.

ரொஷானி திரும்பி நோபர்ட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

முதல் துளி விழுந்ததால் மிச்சத் தாள்களை அவசரமாக வாசித்தார்கள். எல்லாவற்றையும் சிலுவையடியில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். நோபர்ட் முன்னால் போய் அந்தத் தாளைப் பொறுக்கியிருக்கலாம். நான்கு எட்டுத்தான். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போகவில்லை.

திரும்பும் வழியில் ரொஷானி முன்னால் நடந்தாள். கெத்தரின் பின்னால் வந்தாள். லயத்துக் குழாயடியில் நின்று விரலில் காய்ந்திருந்த மெழுகை உரித்தாள்.

“கொப்பில அந்தப் பக்கம்தான்னு எப்படித் தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?”

“மேல சிலுவ இருந்துச்சு. ஜெபம்னு நெனச்சேன்.”

“ஜெபம்.”

“புள்ளைக்கு ஒரு மன்றாட்டு போகட்டும்னுதான் கெத்தரின். சத்தியமா.”

“அங்க சிலுவ வைக்க விடல,” என்றாள். “அதான் இங்க வச்சேன்.”

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் உள்ளே போயிருந்தாள். அவள் எழுதியது ஜெபம் இல்லை. அந்தப் பக்கம்தான் பிள்ளையின் குழி. அவன் அதைக் கிழித்து, ஊர் நடுவில் கொண்டுபோய் வைத்து, எரிய விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அவனுக்கு அழுகை வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. அங்கே அவளுடைய வரி நின்றது. *அவரு அழுதா நான் தேத்தணும்.* திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தான். மழை ரெக்சின் கூரையில் அடித்தது.

டயர் வெடிக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றைக்கு அவன் சீகிரியாவில் இருந்தான். சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய வருடம். ஒரு சோடி அவனைப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் குன்றில் ஏற, அவன் கீழே மர நிழலில் வண்டியைப் போட்டிருந்தான். அவளுடைய பிரசவ நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பஸ்ஸில் சவரியம்மாதான் அவளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இதுவரைக்கும் கெத்தரின் ஊகித்திருக்கலாம். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. போன் அடித்தது. மூன்று தடவை. சவரியம்மாவின் நம்பர். அவன் பார்த்தான். சீனி முடிந்திருக்கும், கேஸ் முடிந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். எடுத்தால் போகவேண்டி வரும் என்று எங்கேயோ தெரிந்திருந்தது. போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினான். சவரியம்மாவிடம், சிக்னல் இல்லை என்றான். அவள் நம்பினாளா என்று இன்றுவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

பார்க்கில் திங்கட்கிழமையே கதை வந்திருந்தது.

“நோபட் அண்ண, டயரெல்லாம் எப்படி?” என்றான் ஜெயக்காந்தன். எல்லாரையும்விட இளையவன். வண்டிக்கு நீல விளக்குப் போட்டிருப்பான். “ஸ்பெயாரும் ஓகேயா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். நோபர்ட் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். பல்லேபொலயிலிருந்து பஸ் வந்து நின்றது, ஆள் இறங்கியது, முறை பழைய டிரைவர் ஹாஷிமுக்கு. ஹாஷிம் எழும்பவில்லை.

“நீ போ நோபட்,” என்றார்.

“ஒங்க டர்ன் ஹாஷிம் நானா.”

“பரவாயில்ல, போ.” பிறகு ஜெயக்காந்தனிடம்: “டேய், ஒண்ட பொஞ்சாதிக்கு எழுதத் தெரியாது. அதுதான் நீ சிரிக்கிறாய். அல்லாட காவல்.”

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். நோபர்ட்டும் சிரிக்கப் பார்த்தான்.

வீட்டில் சோறு நேரத்துக்கு இருந்தது. துணி தோய்ந்து மடிந்திருந்தது. ரொஷானி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு நாள் அவளே கேட்டாள்: “அப்பா, எனக்கு மொத ஒரு அக்கா இருந்தாங்களா?” அவளுக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. “ஆமா” என்றான். “என்னா பேரு?” “அம்மாவுக்குத்தான் தெரியும்.” அவள் போய்விட்டாள். அம்மாவிடம் கேட்டாளா என்று அவன் அறியான்.

கொப்பி இப்போது சாக்குக்குக் கீழே இல்லை. அரிசி வாளியின் மூடிமேல் வெளிச்சமாகக் கிடந்தது. அவள் எழுதவில்லை. அரிசி எடுக்கும்போது கொப்பியைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பாள். எடுத்துவிட்டு மூடிமேல் திரும்ப வைப்பாள். பிய்ந்த ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் அப்படியே போனது. குடித்துவிட்டு வந்து அடித்தவனுக்கு மறுநாள் சொல்ல ஏதாவது இருக்கும். அவனுக்கு அதுவும் இருக்கவில்லை. நல்லது செய்யப்போனேன் என்று யாரிடம் சொல்வது?

“அங்க ஸ்டோர்ல என்னா நடக்குது தெரியுமா ஒனக்கு?” என்றாள் சவரியம்மா ஒரு நாள். அவன் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் வெற்றிலையோடு வந்து வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னாக்கா?”

“கொக்கோ ஒடைக்கிற பொம்பளைங்க எல்லாம் அத மனப்பாடம் பண்ணிட்டாளுக. ஒருத்தி ‘நான் கேக்கல’ன்னுவா, இன்னொருத்தி ‘கேட்டா அவரு அழுவாரு’ன்னுவா, எல்லாரும் சேந்து சிரிக்கிறது. கட்டையால தாளம் வேற. அன்னைக்கு ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சு அப்படியே அழுதுட்டா. அவ புருசன் கத ஒனக்குத் தெரியுந்தானே.”

“கெத்தரின் என்னா சொல்றா?”

“அவ என்னா சொல்லுவா. காய ஒடைக்கிறா. இன்னும் ரெண்டு பேரு தங்களுக்கும் எழுதிக் குடுன்னு கேட்டாங்க. ஏலாதுன்னுட்டா.” வெற்றிலையைத் துப்பினாள். “நோபட்டு.”

“ம்.”

“அன்னைக்கு பஸ்ஸுல அவ ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்தா. ‘அவரு வந்துருவாரு’ன்னா. பஸ்ஸுக்குப் பின்னால ஒரு த்ரீவீல் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாத்தா.”

அவன் தலையை வண்டிக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். பழைய எண்ணெய் கறுப்பாக நூல் மாதிரி இறங்கியது.

“ஏன் இப்ப சொல்றீங்க?”

“அப்ப நீ கேக்கலியே,” என்றாள் சவரியம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததிலிருந்து மழை. ரொஷானி பாடல் பழக்கத்துக்குக் கோயிலில் நின்றுவிட்டாள். கெத்தரின் அரிசி எடுக்கப் போனவள் அரிசியை விட்டுவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துப் பேசினாள்.

“நீங்க அத எப்படிக் கேட்டீங்க?”

“எதை?”

“பிரியந்தன் மாஸ்டர் வாசிச்சத. நெனவிருக்கா?”

“இருக்கு.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“எனக்கு இல்லாமப் போச்சு,” என்றாள். “இப்ப ஸ்டோர்ல அவளுக சொல்றதுதான் காதுல வருது. அவளுக மாத்திட்டாளுக. ‘மூணு டயரையும் தடவிப் பாத்தேன்’ங்கிறாளுக. ஸ்பெயார விட்டுட்டாளுக.”

“ஸ்பெயார் ஒண்ணு, நாலையும்,” என்றான் அவன்.

“ஆ. அதுதான்.” அவள் கண் அவனிடமிருந்து மேசைக்குப் போனது. “மூணப் பாத்தா அது சந்தேகம். நான் ஸ்பெயாரையும் கழட்டிப் பாத்தேன். எங்கயாச்சும் ஒரு ஒட்டு இருக்கட்டும்னு தேடுனேன். அது இல்லாம எழுதுனா அது நான் இல்ல. வேற எவளோ.”

மழை தகரத்தில் ஒரே சீராக அடித்தது. அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“சொல்லுங்க. மெதுவா.”

அவன் சொன்னான். பூசைப் பாட்டை எப்படிக் காதால் பிடித்தானோ அப்படித்தான் இதுவும் அவனுக்குள் கிடந்தது. ஒவ்வொரு ஹயரிலும், ஒவ்வொரு வளைவிலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டினான். மாதாவே, நீங்களும் பெத்தவங்க. அவள் எழுதினாள். மடி வந்தது, துணி வந்தது, வேலி வந்தது. நான் ஒரு பேர் வச்சிருக்கேன், இங்கயும் அத எழுதல. அவளுடைய கை நிற்கவில்லை. புளித்த கொக்கோவின் வாசம் அவனுக்கு அடித்தது.

அடுத்த வரிக்கு வந்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

“வழியில டயர் வெடிச்சிருச்சுன்னு நான் சொன்னேன்.”

பேனை நின்றது.

“நான் அப்படி எழுதல.”

“ஆனா அதுதானே கெத்தரின். நான்தானே. டயர் வெடிக்கல. அன்னைக்கு நான்…”

“இருங்க.” அவள் கையைத் தூக்கினாள். “இது என்னோடது. இதுக்குள்ள வந்து நீங்க பேசாதீங்க. நான் எழுதுனத சொல்லுங்க.”

“…அவரு சொன்னாரு,” என்றான்.

எழுதினாள். எட்டாம் நாள். வண்டி. மூன்று. ஒன்று. நாலு. ஒட்டின தடம். நான் கேக்கல. அடுத்ததைச் சொல்வதற்கு முன் அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். கேட்டா அவரு அழுவாரு. அவள் எழுதவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பார்த்துவிட்டு எழுதினாள்.

“மாதாவே, இன்னைக்கும் இல்ல,” என்று முடித்தான்.

அவள் அதையும் அப்படியே எழுதினாள். மேலே நடுவில் இரண்டு கோடு இழுத்துச் சிலுவை வரைந்தாள். ஊதிக் காயவைத்தாள். பிறகு அன்றைக்கு அவன் கிழித்ததால் தளர்ந்து போயிருந்த அந்த மறுபாதித் தாளை இழுத்து எடுத்து, பேனையையும் அதன்மேல் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

“ஒங்களோடத நீங்க எழுதுங்க.”

“எனக்குத்தான் தெரியாதே.”

“தெரிஞ்ச எழுத்துல எழுதுங்க.”

அவள் அடுப்படிக்குப் போனாள். சிங்களத்தில் அவன் கடைசியாக எழுதியது இன்ஷூரன்ஸ் படிவம். இன்னொரு ஆள் வாசிக்க அவன் ஒரு நாளும் எழுதியதில்லை. டயர் வெடிக்கவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தான். அது அவள் எழுதியது. அவள் நாலு டயரையும் தடவி எழுதிவிட்டாள். அவனுடையது என்று இருந்தது மற்றதுதான்.

உருண்டை உருண்டையாக ஒரு வரி எழுதினான். அரை மணித்தியாலம் போயிருக்கும். உலை கொதித்து அடங்கிவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். சிங்களம் அவளுக்குப் பேச வரும், எழுத்துத் தெரியாது.

“வாசிங்க.”

அவன் தமிழில் சொன்னான். சத்தம் அவனுடையது மாதிரி இல்லை.

“போன் அடிச்சிச்சு. மூணு தடவ. நான் பாத்தேன்.”

கெத்தரின் அந்தத் தாளைப் பார்த்தாள். தெரியாத எழுத்தில் விரலை வைத்து, வரியின் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் கொண்டுபோனாள். டயரைத் தடவியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“இது எனக்குத் தெரியாது,” என்றாள்.

வாயைத் திறந்தால் உடைந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரிந்தது. உடைய அவனுக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

“மிச்சம்?”

“இன்னும் வரல.”

கொப்பியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

“வர வரைக்கும் ஒக்காந்திருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் உட்கார்ந்திருந்தான்.